நாள் தவறாத வேலையும் யந்திர ஏவலாளரும்

(புதுச்சேரி நகரில் பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கும் விவசாயிகளுக்கும் நடைபெற்ற பயிற்சி வகுப்பில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஒருவர் நிகழ்த்திய உரை)



கிராம நிர்வாகத்தில் புத்தம் புதிய வேலை என்பது அரிது. நம் கைக்கு வருவனவற்றில் பெரும்பகுதி, நேற்றுச் செய்ததை இன்றும், சென்ற மாதம் செய்ததை இம்மாதமும் செய்வதுதான். குடிநீர்த் தொட்டிக்குக் குளோரின் இடுவது அன்றாட வேலை. பால் சங்கத்தில் அளவும் கொழுப்பும் எழுதுவது காலையும் மாலையும் வரும் வேலை. வீட்டு வரி நினைவூட்டல், கடன் தவணை நினைவூட்டல், கிராம சபை அறிவிப்பு, மகளிர் குழுக் கணக்கு ஆகியவை குறித்த தேதியில் தவறாமல் வந்து நிற்பவை. இவற்றில் ஒன்றைச் செய்வதற்குப் பெரிய அறிவு வேண்டியதில்லை. ஆனால் ஒரு நாளும் தவறாமல் செய்வதற்குப் பெரிய ஒழுங்கு வேண்டும். நல்ல பஞ்சாயத்துக்கும் மற்றப் பஞ்சாயத்துக்கும் உள்ள வேற்றுமை பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

இத்தகைய வேலைகளை, குறித்த நேரத்தில் தானாகவே எழுந்து செய்து முடிக்கும் யந்திர ஏவலாளர் இப்போது வந்திருக்கிறார். 'செயற்கை நுண்ணறிவு முகவர்' என்று அவரை அழைக்கிறார்கள். அவரை எப்படி வேலைக்கு அமர்த்துவது, எந்த வேலையைக் கொடுப்பது, எதைக் கொடுக்கலாகாது என்பவற்றைக் குறித்து இன்று உங்களோடு சில சொற்கள் பேச விரும்புகிறோம்.

முகவர் என்பவர் யார்?

குறித்த நேரத்தில் வேலை செய்யும் யந்திரம் புதிதன்று. சுவர்க் கடிகாரத்தின் மணி அத்தகையதே. வயலில் மும்முனை மின்சாரம் வந்தவுடன் தானாக ஓடத் தொடங்கும் மோட்டாரை நீங்கள் அறிவீர்கள். கணிப்பொறியிலும் 1970-களிலேயே அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 'கிரான்' என்னும் சிறு நிரல் ஒன்றை அமைத்தார்கள். இன்ன நிமிடம், இன்ன மணி, இன்ன தேதி என்று எழுதி வைத்தால் அந்த வேளையில் அந்த வேலையை அது நடத்தும். உலகெங்கும் வங்கிகளின் இரவுக் கணக்குகள் முதலியன இவ்வகை ஏற்பாட்டினால்தான் நடந்து வருகின்றன.

ஆயினும் பழைய நிரலுக்கு, சொல்லியது சொல்லியபடி மட்டுமே செய்யத் தெரியும். வழக்கமாக வரும் விலைப்பட்டியலில் ஒரு பத்தி இடம் மாறினாலும் அது திகைத்து நின்றுவிடும். புதிய முகவரோ எழுத்தைப் படிக்கிறார். பொருளை ஓரளவு அறிகிறார். ஒரு வேலையை நான்கு படிகளாகப் பிரித்துக்கொண்டு, ஒன்றன் பின் ஒன்றாகச் செய்கிறார். "ஒவ்வொரு நாளும் காலை ஐந்து மணிக்கு வானிலை அறிக்கையைப் பார்த்து, நம் ஊருக்கு வேண்டியதை மட்டும் எளிய தமிழில் ஐந்து வரியாக எழுதி, செயலாளருக்கு அனுப்பு" என்று சாதாரணச் சொற்களில் கூறினால் போதும். மணி அடிப்பது பழைய கடிகாரம். எழுந்து வேலை செய்பவர் புதிய முகவர். இரண்டும் சேர்ந்ததே இன்றைய ஏற்பாடு.

புதுச்சேரி கண்ட முன்மாதிரி

இதெல்லாம் பெரிய கம்பெனிகளுக்கு உரியது, கிராமத்துக்கு ஏது என்று சிலர் நினைக்கலாம். அன்பர்களே, அன்றாடச் செய்தியை நாள் தவறாமல் கிராமத்துக்குக் கொண்டுவரும் ஏற்பாட்டில் உலகுக்கே எடுத்துக்காட்டாக விளங்கியது நமது புதுச்சேரிப் பகுதி என்பதை நாம் மறத்தலாகாது.

1998 ஆம் ஆண்டில், சென்னை எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடா நாட்டின் சர்வதேச வளர்ச்சி ஆராய்ச்சி மையத்தின் உதவியோடு, இங்கே தகவல் கிராமத் திட்டத்தைத் தொடங்கியது. வில்லியனூர் நடு மையமாயிற்று. கீழூர், எம்பலம், வீராம்பட்டினம் முதலிய ஊர்களில் கிளை மையங்கள் ஏற்பட்டன. தொலைபேசித் தொடர்பு நம்பத்தக்கதாய் இல்லாத அந்நாளில் வானொலி அலை மூலம் செய்தி அனுப்பினார்கள். மின்சாரம் நின்றுபோகும் வேளைக்குச் சூரிய ஒளித் தகடுகளை வைத்தார்கள். இடத்தை ஊரார் கொடுக்க வேண்டும், சாதி, ஆண், பெண் என்ற வேற்றுமையின்றி எல்லோரும் உள்ளே வர வேண்டும் என்பவை நிபந்தனைகள். எம்பலத்தில் கோயிலைச் சேர்ந்த இடமே மையத்துக்குக் கிடைத்தது. அந்தந்த ஊர்த் தொண்டர்கள், அவர்களுள் பெண்கள் பலர், கணிப்பொறியை இயக்கக் கற்றுக்கொண்டார்கள்.

கீழூர் என்ற பெயர் உங்களுக்கு வேறொரு நினைவையும் தரும். 1954 ஆம் ஆண்டு அக்டோபர் 18 அன்று, பிரதிநிதி சபையினரும் நகராட்சி உறுப்பினர்களுமாக 178 பேர் அங்கே கூடி வாக்களித்தார்கள். அவர்களுள் 170 பேர் இந்தியாவுடன் இணைவதை ஆதரித்தார்கள். பிரெஞ்சுப் பகுதியின் எதிர்காலத்தை உள்ளூர் உறுப்பினர்கள் வாக்களித்து முடிவு செய்த அதே ஊர், நாற்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் தகவல் கிராமங்களுள் ஒன்றாயிற்று.

வீராம்பட்டினத்தில் நடந்த வேலை நமது இன்றைய பொருளுக்கு மிகவும் பொருந்துவது. மீனவருக்கு வேண்டியது, நாளை அலை எவ்வளவு உயரும் என்ற செய்தி. அமெரிக்கக் கடற்படையின் வலைத்தளத்தில் வங்கக் கடலின் அலை உயர முன்னறிவிப்பு வெளிவந்துகொண்டிருந்தது. வில்லியனூர் மையத்தார் அதனை நாள்தோறும் எடுத்து, தமிழில் ஆக்கி அனுப்பினார்கள். கடற்கரையில் ஒலிபெருக்கி மூலம் அது வாசிக்கப்பட்டது. எடுத்தல், தமிழாக்கல், அனுப்புதல், வாசித்தல் என்னும் நான்கு படிகளை மனிதர்கள் கையால் நாள்தோறும் செய்தார்கள். இன்று முகவரிடம் கொடுக்கக்கூடிய வேலை முதல் மூன்று படிகளே. நான்காவது படியைப் பற்றிப் பின்னர்ச் சொல்வோம்.

நல்லவாட்டின் பாடம்

2004 டிசம்பர் 26 அன்று காலை ஆழிப்பேரலை வந்தது. நல்லவாடு மீனவ ஊரைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் அப்போது சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். நிலைமையை உணர்ந்து ஊருக்குத் தொலைபேசியில் எச்சரித்தார். ஊரார் அறிவு மையத்துக்கு ஓடினர். பூட்டியிருந்த கதவை உடைத்து உள்ளே சென்று, அன்றாடம் கடல் நிலையைச் சொல்லி வந்த அதே ஒலிபெருக்கியில் எல்லோரையும் வெளியேறச் சொன்னார்கள். படகுகளும் வீடுகளும் அழிந்தன. ஆனால் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் உயிர் பிழைத்தனர்.

இதில் மூன்று உண்மைகள் அடங்கியுள்ளன.

முதலாவது, ஒலிபெருக்கியின் குரலை மக்கள் நம்பினார்கள். ஏன் நம்பினார்கள்? நாள்தோறும் தவறாமல் பேசிய குரல் அது. பொய் சொல்லாத குரல் அது. அன்றாட வேலையின் ஒழுங்கே ஆபத்து நாளில் நம்பிக்கையாக மாறியது.

இரண்டாவது, அன்றைய எச்சரிக்கை எந்தக் கால அட்டவணையிலும் இல்லை. காலை ஐந்து மணி வேலையாக அலை உயரத்தைப் பார்த்திருந்தால் கடல் அமைதி என்றே வந்திருக்கும். அட்டவணைக்கு வெளியே வந்த செய்தியைக் கேட்டு நடக்க மனிதர் இருந்தார்கள்.

மூன்றாவது, கதவு பூட்டியிருந்தது. ஊரின் குரல் பூட்டுக்குள் இருக்கலாகாது. திறவுகோல் எவரிடம் இருக்கிறது என்பதை ஊரில் பலரும் அறிந்திருக்க வேண்டும்.

யந்திர ஏவலாளரை அமர்த்தும் பஞ்சாயத்து இம்மூன்றையும் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்வது நலம்.

இன்றைய நிலை

இந்நாளில் செய்திக்கு அமெரிக்கக் கடற்படையை நாட வேண்டிய தேவை இல்லை. ஹைதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் மையம் அலை, காற்று, நீரோட்டம் பற்றிய அறிவிப்புகளை வெளியிடுகிறது. 2007 முதல் ஆழிப்பேரலை எச்சரிக்கையும் அங்கிருந்தே வருகிறது. பஞ்சாயத்து வாரியான வானிலை முன்னறிவிப்பை மத்திய ஊராட்சி அமைச்சகமும் வானிலைத் துறையும் 2024 அக்டோபர் 24 அன்று தொடங்கின. 2025 ஆம் ஆண்டு காரிப் பருவத்தில், செயற்கை நுண்ணறிவின் துணையோடு கணித்த பருவமழைத் தொடக்கச் செய்தி, 13 மாநிலங்களில் சுமார் 3.8 கோடி விவசாயிகளின் கைப்பேசிக்குச் சென்றது. அதே ஆண்டு ஆகஸ்டு 14 அன்று தொடங்கிய 'சபாசார்' என்னும் கருவி, கிராம சபையின் ஒலிப்பதிவைக் கேட்டு நடவடிக்கைக் குறிப்பின் வரைவை எழுதித் தருகிறது.

ஆகவே, செய்திக்குப் பஞ்சமில்லை. அதை நம் ஊருக்கு ஏற்றவாறு பிரித்து, உரிய வேளையில், உரியவர் கையில் சேர்ப்பதில்தான் குறை. முகவரின் பயன் அந்த இடத்தில் பெரிது.

மூன்று வகை வேலைகள்

நமது வேலைகளை மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதல் வகை, பார்த்துச் சொல்லும் வேலை. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தின் அன்றைய நெல், மணிலா விலையை எடுத்துச் சொல்வது. அணையின் நீர்மட்டத்தை மணிக்கு ஒரு முறை பார்த்து, குறித்த அளவைத் தாண்டினால் மட்டும் எழுப்புவது. அரசாணை ஏதும் வந்ததா என்று பார்ப்பது. இதில் எதுவும் மாறுவதில்லை, எதுவும் செலவாவதில்லை. எல்லாப் பஞ்சாயத்தும் இங்கிருந்து தொடங்கலாம்.

இரண்டாம் வகை, வரைவு எழுதும் வேலை. கிராம சபை அறிவிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்கள் கிராம சபைக்கு உரியவை. பத்து நாள் முன்பே அறிவிப்பின் வரைவையும், சென்ற சபையின் தீர்மானங்களில் நிறைவேறாதவற்றின் பட்டியலையும் முகவர் தயாரித்து வைக்கலாம். தலைவர் படித்துத் திருத்திக் கையெழுத்திட்ட பிறகே அது வெளியே போக வேண்டும்.

மூன்றாம் வகை, செய்து முடிக்கும் வேலை. பணம் அனுப்புவது, பெயரைச் சேர்ப்பது, பெயரை நீக்குவது, குழாய் இணைப்பைத் துண்டிக்க உத்தரவிடுவது. இவை ஒரு மனிதனின் சோற்றிலும் தண்ணீரிலும் கை வைக்கும் வேலைகள். இவற்றை முகவரிடம் விடலாகாது என்பது நமது உறுதியான கருத்து.

இக்கருத்து வெறும் அச்சத்தினால் எழுந்ததன்று. ஆஸ்திரேலிய அரசு 2015-க்குப் பின் உதவித்தொகை பெறுவோரின் கணக்கைத் தானியங்கி முறையில் ஒப்பிட்டு, மிகையாகப் பெற்றதாகக் கூறிக் கடன் கேட்டு ஓலை அனுப்பியது. ஆண்டு வருமானத்தைச் சராசரி ஆக்கிக் கணக்கிட்ட தவறினால் சுமார் 4.7 லட்சம் கடன் கோரிக்கைகள் பிழையாயின. அவற்றை அரசு பின்னர்த் திருப்பிக்கொள்ள நேர்ந்தது. 2023 இல் அரச விசாரணைக் குழு அத்திட்டத்தைக் கடுமையாகக் கண்டித்தது. நம் நாட்டிலும் தெலங்கானாவில் 2016 முதல் கணிப்பொறி ஒப்பீட்டின் பேரில் நீக்கப்பட்டவை உள்ளிட்ட சுமார் 19 லட்சம் ரேஷன் அட்டைகளை நேரில் சென்று மறுபடியும் சரிபார்க்கும்படி 2022 இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. யந்திரம் ஒரு நொடியில் நீக்கியதை மனிதர் வீடு வீடாகச் சென்று தேட வேண்டியதாயிற்று. ஒரு கைம்பெண்ணின் ஓய்வூதியம் இரண்டு மாதம் நின்றால் அவ்வீட்டில் அடுப்பு எரிவது எப்படி என்பதை அட்டவணை அறியாது. வார்டு உறுப்பினர் அறிவார்.

கவனிக்க வேண்டிய குறைகள்

ஏவலாளரின் குணம் அறிந்து வேலை வாங்குவதே எஜமானின் திறமை. இவருடைய குறைகளைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

கடிகாரம்: கணிப்பொறிகள் பல உலகப் பொது நேரத்தில் ஓடுகின்றன. நமது நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னது. இதைச் சொல்லி வைக்காமல் 'காலை ஆறு' என்று எழுதினால், கட்டுமரங்கள் கடலுக்குப் போன பிறகு பதினொன்றரைக்கு அலைச் செய்தி வரும். அவ்வாறே 'ஒவ்வொரு மாதமும் 31 ஆம் தேதி' என்று எழுதினால், ஆண்டில் ஐந்து மாதங்களில் அந்த வேலை நடவாமலே போகலாம். மாதத்தின் கடைசி நாள் என்று சொல்ல வேண்டும்.

மௌனம்: மனிதர் வேலைக்கு வராவிட்டால் நாற்காலி காலியாய் இருக்கும். யந்திரம் நின்றுபோனால் எதுவும் தெரியாது. செய்தி வரவில்லை என்றால் ஆபத்து இல்லை என்று மக்கள் எண்ணிவிடுவார்கள். ஆதலால் 'இன்று ஒன்றும் இல்லை' என்பதையும் நாள்தோறும் சொல்லச் செய்ய வேண்டும். ஆறு மணிக்குள் செய்தி வராவிடில் அதுவே எச்சரிக்கை என்று செயலாளர் கொள்ள வேண்டும்.

இரட்டிப்பு: இடையில் மின்சாரம் நின்று மீண்டும் வந்தால், ஒரே நினைவூட்டல் இரு முறை போகக்கூடும். வரி கட்டியவருக்கே மீண்டும் ஓலை போனால் பஞ்சாயத்தின் மானம் போகும். அனுப்பியதைப் பதிவேட்டில் குறித்துவிட்டுப் பின்னரே அடுத்ததற்குச் செல்லும்படி ஏற்பாடு வேண்டும்.

கற்பனை: தெரியாததைத் தெரியாது என்று சொல்வதில் இம்முகவர் இன்னும் தேர்ச்சி பெறவில்லை. விலைப்பட்டியல் கிடைக்காத நாளில், நேற்றைய விலையைப் போன்ற ஓர் எண்ணை அழகாக எழுதிவிடவும் கூடும். எனவே ஒவ்வொரு எண்ணுக்கும் எங்கே, எந்தத் தேதியில் எடுத்தது என்பதை உடன் எழுதச் சொல்லுங்கள். ஆதாரம் இல்லாத எண்ணை ஒலிபெருக்கியில் வாசிக்காதீர்கள்.

அயலார் ஏவல்: வந்த கடிதத்தைப் படிக்கச் சொன்னால், அக்கடிதத்துக்குள் யாரோ எழுதி வைத்த கட்டளையையும் எஜமானின் கட்டளை என்று எண்ணி நடந்துவிடும் பலவீனம் இவருக்கு உண்டு. ஆகையால் கருவூலத் திறவுகோலையும் கடிதப் பெட்டியையும் ஒரே முகவரிடம் ஒப்படைக்காதீர்கள். மக்களின் ஆதார் எண், வங்கிக் கணக்கு, நோய் விவரம் ஆகியவற்றைத் தேவையின்றி இவர் கண்ணில் காட்டாதீர்கள். தனிநபர் தரவுகளைக் காக்க 2023 இல் நாட்டில் சட்டமே இயற்றப்பட்டிருக்கிறது.

ஃபெஞ்சல் தந்த நினைவூட்டல்

2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே ஃபெஞ்சல் புயல் கரை கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அது ஓய்ந்து மூச்சு விடுவதற்குள், சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட பெருவெள்ளம் தென்பெண்ணையில் வந்து விழுப்புரம், கடலூர் மாவட்டங்களையும் நமது பாகூர்ப் பகுதியையும் சூழ்ந்தது. மழை நின்றது என்று ஆறுதல் கொண்ட ஊருக்கு, மலைப்பக்கத்திலிருந்து தண்ணீர் வந்தது.

நடுஇரவில் அணையின் அளவை ஒவ்வொரு மணியும் தூங்காமல் பார்ப்பது மனிதருக்குக் கடினம், முகவருக்கு எளிது. ஆனால் அளவு ஏறிவிட்டது என்று அவர் எழுப்பும்போது, எந்தத் தெரு முதலில் மூழ்கும், எந்த வீட்டில் படுத்த படுக்கையாய் முதியவர் இருக்கிறார், எந்தக் கொட்டிலில் மாடுகள் கட்டியிருக்கின்றன என்பதை அறிந்து ஓடுபவர் நம் ஊர் மனிதரே. பார்ப்பது யந்திரம், எழுப்புவது யந்திரம், ஓடுவது மனிதர் என்ற இந்தப் பங்கீட்டை மாற்றலாகாது.

தொடங்கும் வழி

பஞ்சாயத்துகள் செய்ய வேண்டியதை வரிசையாகக் கூறுகிறோம்.

முதலில், மீண்டும் மீண்டும் வரும் வேலைகளை ஒரு நோட்டில் எழுதுங்கள். நாள், வாரம், மாதம், ஆண்டு என்று நான்கு பக்கம் போதும். யந்திரமே வாங்காவிட்டாலும் இந்த நோட்டு நன்மை செய்யும். இரண்டாவது, அவற்றுள் முதல் வகையைச் சேர்ந்த ஒரே ஒரு வேலையை மட்டும் தேர்ந்தெடுங்கள். மூன்றாவது, ஒரு மாதம் யந்திரமும் மனிதரும் அதே வேலையைத் தனித்தனியே செய்து ஒப்பிட்டுப் பாருங்கள். வேற்றுமை கண்ட நாள்களைக் குறித்து வையுங்கள். நான்காவது, ஒவ்வொரு வேலைக்கும் பொறுப்பாளர் ஒருவரின் பெயரைப் பலகையில் எழுதுங்கள். 'யந்திரம் செய்தது' என்பது கிராம சபையில் செல்லும் பதிலாகாது. ஐந்தாவது, வேலையை உடனே நிறுத்தும் வழியைக் குறைந்தது மூவருக்குக் கற்பியுங்கள்.

இதனால் எழுத்தர்களுக்கும் தொண்டர்களுக்கும் வேலை போய்விடுமோ என்ற கேள்வி நியாயமானது. அதற்கு நமது விடை, மிஞ்சும் நேரத்தைப் பஞ்சாயத்து எதற்குச் செலவிடுகிறது என்பதைப் பொறுத்தது. பகல் முழுதும் படிவத்தை நகலெடுத்த எழுத்தர், இனி மனு கொடுத்தவரின் வீட்டுக்குச் சென்று பார்ப்பாரானால் கிராமம் லாபம் அடையும். அவரையும் நீக்கிவிட்டு யந்திரத்தை மட்டும் வைத்தால், பிழையைக் கண்டுபிடிக்க ஆளின்றிக் கிராமம் நஷ்டப்படும்.

இப்போது நான்காவது படிக்கு வருவோம். வீராம்பட்டினத்தில் அலைச் செய்தியை ஊர்க் குரல் வாசித்தது. இன்று யந்திரமே நல்ல தமிழில் உரக்க வாசிக்க வல்லது. ஆயினும் வாசிப்பதற்கு முன் ஒரு மனிதர் கடலையும் வானத்தையும் ஒரு முறை பார்க்கட்டும். எழுதி வந்ததையும் ஒரு முறை படிக்கட்டும். தவறு என்று தோன்றினால் நிறுத்தி வைக்கும் அதிகாரம் அவருக்கு இருக்கட்டும். அதற்கு ஆகும் நேரம் ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தைச் சிக்கனம் செய்ய வேண்டாம் என்று உங்களை மிகவும் கேட்டுக்கொள்கிறோம்.

1952 அக்டோபர் 2 அன்று இந்நாட்டில் சமுதாய நலத் திட்டம் தொடங்கியபோது, மக்களே தம் முன்னேற்றத்தை நடத்த வேண்டும், அரசாங்கம் துணை நிற்க வேண்டும் என்பது அடிப்படைக் கொள்கையாக இருந்தது. கருவி மாறினாலும் கொள்கை மாற வேண்டுவதில்லை. வரும் மாதக் கூட்டத்துக்கு, ஒவ்வொரு பஞ்சாயத்தும் மேற்சொன்ன நான்கு பக்க நோட்டை எழுதிக் கொண்டுவர வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். எந்த வேலையிலிருந்து தொடங்கலாம் என்பதை அன்று ஒன்றாக அமர்ந்து முடிவு செய்வோம்.